டெலிபோனக்கா ஏறிய ராட்டினம்

திண்டுக்கல்லில் சட்டம் முழுசாகத் தெரிந்தவர்கள் இரண்டே பேர்தான். ஒருவர் கோர்ட்டில் உட்கார்ந்திருக்கும் ஜட்ஜய்யா. இன்னொருத்தி எங்கள் தெரு டெலிபோனக்கா. ஜட்ஜய்யாவுக்குச் சந்தேகம் வந்தால் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார். டெலிபோனக்காவுக்குச் சந்தேகமே வராது. அவளுக்கு வரவேண்டிய சந்தேகத்தையெல்லாம் சேர்த்து ஆண்டவன் எனக்குக் கொடுத்துவிட்டான்.

அவளுக்கு ரேஷன் கார்டில் ஏதோ ஒரு பேர் இருந்திருக்கும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. என்னைவிட எட்டு ஒன்பது வயது இளையவள். இருந்தாலும் தெருவே டெலிபோனக்கா என்றதால் எனக்கும் அவள் டெலிபோனக்காதான். நேரில் மட்டும் ‘ஏத்தா’ என்பேன். அவள் என்னை ‘மதினி’ என்பாள். எந்த வழியில் நான் அவளுக்கு மதினி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் அதற்கும் ஒரு விதி சொல்லுவாள் என்று பயந்து கேட்கவில்லை.

சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு காலும் சூம்பிப்போனவள். இப்போது மாற்றுத்திறனாளி என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். நான் சொல்லும் காலத்தில் பாரத்திலும் போர்டிலும் ஊனமுற்றோர் என்றுதான் எழுதியிருக்கும். அந்த ஒதுக்கீட்டில்தான் அவளுக்கு எஸ்.டி.டி. பூத் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெருவுக்குத் திரும்புகிற முக்கில் மஞ்சள் போர்டு, உள்ளே ஒரு கண்ணாடிக் கூண்டு, கூண்டுக்குள் போன், வெளியே சிவப்பு எண் ஓடுகிற மீட்டர். மீட்டருக்குப் பக்கத்தில் அவள். பூத்தின் நிழலில் என் பூக்கூடை. அவள் ஊர்க்கதை பேச, நான் மல்லிகையைக் கட்டிக்கொண்டே ‘உம்’ கொட்டுவேன். எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. பூ முழம் எவ்வளவு என்று கேட்டால்கூடத் தலையைக் குனிந்துகொண்டுதான் சொல்லுவேன். அதனால் எங்கள் இரண்டு பேருக்கும் நல்ல பொருத்தம்.

கால் கொடுக்காததையெல்லாம் அவள் கையில் வாங்கிக்கொண்டிருந்தாள். கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில்தான் ஊரெல்லாம் போவாள். மலைக்கோட்டை ஏற்றத்தில் லாரியே மூச்சு வாங்கும். அவள் பாட்டுக்குப் பாடிக்கொண்டே ஏறிப்போவாள். எதிர்க்கடை டீ மாஸ்டர், ஆறடி ஆள், அவளிடம் கை மடக்கிப் பார்க்கிற பந்தயத்தில் மூன்று தடவை தோற்றார். நாலாவது தடவை, “அடுப்புல பால் பொங்குது” என்று எழுந்து ஓடிவிட்டார். அடுப்பை அப்போது பற்ற வைத்திருக்கவே இல்லை.

கண்ணாடிக் கூண்டில் அவளே எழுதி ஒட்டிய போர்டு ஒன்று இருக்கும். ‘சத்தம் போட்டுப் பேசக் கூடாது. ஒரே சேதியை இரண்டு தடவை சொல்லக் கூடாது. அழக் கூடாது. அழுகை வந்தால் வெளியே வந்து அழவும்.’ கல்யாணமாகி வந்த பெண்கள் அம்மாவுக்குப் போன் போட்டுப் பேச்சு வராமல் விம்மினால், கண்ணாடியைத் தட்டி மூன்றாவது வரியைக் காட்டுவாள். அவர்களும் போனைத் தொங்கவிட்டுவிட்டு வெளியே வந்து, என் பூக்கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு, மறுபடி உள்ளே போய்ப் பேசுவார்கள். அதற்குள் மீட்டர் ஓடியது யார் கணக்கு என்று எனக்கு ரொம்ப நாள் குழப்பம்.

கூண்டுக்குக் கதவு உண்டு. ஆனால் மூடாது. அதனால் எங்கள் தெருவில் யாருக்கு என்ன வியாதி, எந்த டாக்டர் என்ன மாத்திரை எழுதினார் என்பது முதலில் டெலிபோனக்காவுக்குத் தெரியும். அப்புறம்தான் வீட்டு ஆட்களுக்கு. பேசி முடித்து வெளியே வருகிறவரிடம், “அந்த டாக்டரு சொல்றத கேக்காதீங்கண்ணே, மதுரைக்குப் போங்க” என்று இவள் ஒரு யோசனையும் சொல்லி அனுப்புவாள். ஆனால் ஒன்று. கேட்டதை இன்னொருத்தரிடம் சொல்லவே மாட்டாள். “வேலைன்னா அதுக்கு ஒரு விதி இருக்கு மதினி” என்பாள். பத்து வருசத்தில் அந்த விதியை அவள் ஒரே ஒரு நாள்தான் மறந்தாள். அந்த நாளைத்தான் சொல்லவந்தேன்.

அதற்கு முன்னால் அவளுடைய மார்க்கைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஒருமுறை பெரியாஸ்பத்திரியில் முகாம் வைத்து ஊனமுற்றோர் அடையாள அட்டை கொடுத்தார்கள். டாக்டர் பார்த்து, இவ்வளவு சதவீதம் என்று அட்டையில் எழுதித் தருவார். டெலிபோனக்கா போனாள். எழுபது போட்டுக்கொடுத்தார்கள். வருகிற வழியில் மிட்டாய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

“மதினி, எழுவது! பத்தாங்கிளாஸ் கணக்குல எனக்கு முப்பத்தொண்ணு. எந்த வாத்தியாரும் எனக்கு இம்புட்டு மார்க்கு போட்டதில்ல.”

டீ மாஸ்டருக்கு, முன்பு மில்லில் வேலை பார்த்த காலத்தில், இரண்டு விரல் போயிருந்தது. மிட்டாயைத் தின்றுவிட்டு அவரும் முகாமுக்கு ஓடினார். அவருக்குப் போட்டது பதினெட்டு. நாற்பது இருந்தால்தான் அட்டை.

“ஃபெயிலு” என்றாள் டெலிபோனக்கா. “அடுத்த வருசம் நல்லா படிச்சிட்டுப் போங்க மாஸ்டர்.”

மாஸ்டர் மூஞ்சி சுருங்கிப்போய், “ஏம்மா டெலிபோனு, இன்னும் ரெண்டு வெரல வெட்டிக்கிட்டா பாசாவேனா?” என்றார். அவள் யோசித்துவிட்டு, “கட்ட வெரலா இருந்தா பாக்கலாம்” என்றாள். அதைச் சிரிக்காமல் சொன்னாள் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவ்வளவு மார்க் எடுத்தவளுக்கு ஒரே ஒரு குறை. ராட்டினம்.

மாசித் திருவிழாவுக்கு வருசம் தவறாமல் பெரிய ராட்டினம் வரும். தெருவே போய் ஏறும். இறங்கி வந்து நேராகப் பூத்துக்கு முன்னால் நின்று பீற்றிக்கொள்ளும். “மேலருந்து கீழ வரும்போது அடிவயித்துல ஜிலீர்னு ஒண்ணு வரும் பாரு, அய்யய்யோ!” என்பார்கள். டெலிபோனக்கா வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பாள். “ஜிலீர்னா எப்படி? ஐஸ் தின்ன மாதிரியா? கரண்ட் அடிச்ச மாதிரியா?” யாருக்கும் சொல்லத் தெரியாது. ஒருத்தர் பசி மாதிரி என்பார். இன்னொருத்தர் பரீட்சை மாதிரி என்பார்.

அவளும் வருசா வருசம் வண்டியை ராட்டினத்து அடிவரை ஓட்டிக்கொண்டு போவாள். ராட்டினக்காரர்கள் நல்லவர்கள்தான். ஆனால், “வேணாம் தாயி, ஒன்ன ஏத்தி எறக்குறதுக்குள்ள வெளக்கே அணைச்சிருவாங்க” என்பார்கள். எந்தப் போர்டிலும் எழுதாத விதி அது. எழுதியிருந்தால் அவள் சண்டை போட்டிருப்பாள். எழுதாததோடு எப்படிச் சண்டை போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுவாள். வரும் வழியில் ஒருநாள், “மதினி, உயிரோட இருக்கும்போதே அந்த ஜிலீரு எனக்கு ஒரு தடவ வந்துரணும்” என்றாள். அவள் அப்படி ஒன்றை ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்ததில்லை.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருசம் இருக்கும். மதுரை ரோட்டுப் பக்கம் புதிதாக ஒரு பூங்கா திறந்தார்கள். தண்ணீர்ச் சறுக்கு, பூதக் குகை, வானத்தைத் தொடுகிற ராட்டினம் என்று பேப்பரில் பெரிதாகப் படம் போட்டு வந்தது. படத்துக்குக் கீழே பொடி எழுத்தில், ‘ஊனமுற்றோருக்கு நுழைவு இலவசம்’ என்று இருந்தது. டெலிபோனக்கா அதைக் கத்தரித்து அட்டையோடு சேர்த்து ரப்பர் பேண்டு போட்டுக்கொண்டாள்.

“எழுதியே குடுத்துட்டாய்ங்க மதினி. இனி எவன் என்ன சொல்லுவான்?”

டீ மாஸ்டர் எங்கள் தெரு டிரைவர் ஒருத்தரின் வேனைப் பிடித்தார். மாஸ்டர், பால்காரம்மா, பால்காரம்மாவின் புது மருமகள், இன்னும் தெருவில் நாலைந்து பேர், டெலிபோனக்கா, நான். வேனுக்கு மேலே கயிறு போட்டுக் கட்டிய மூன்று சக்கர வண்டி.

குழப்பம் வாசலிலேயே ஆரம்பித்தது.

அட்டையைப் பார்த்ததும் வாசல்காரர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். “நீங்க ஃப்ரீங்கம்மா. ஒங்களுக்குத் துணைக்கு ஒருத்தர் வரலாம், அவங்களுக்குப் பாதி டிக்கெட்டு.” துணையாள் யார் என்று கேட்டதும் டெலிபோனக்கா என் கையைத் தூக்கிக் காட்டினாள். என் மணிக்கட்டில் பச்சை நாடா ஒன்றைக் கட்டிவிட்டார்கள். எதற்குக் கட்டுகிறார்கள் என்று புரியாமல் நான் தாயத்து என்று நினைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

அப்புறம் வாசல்காரர் வண்டியைக் காட்டி, “வண்டிய அந்தப் பக்கம் நிப்பாட்டிட்டு வாங்க. வண்டி உள்ள விடக் கூடாது” என்றார்.

“இது வண்டி இல்ல தம்பி. என் காலு.”

“காலுன்னா சரி. ஆனா மூணு சக்கரம் இருக்கே?”

“ஒனக்கு ரெண்டு காலு. எனக்கு மூணு. கொறச்சலா இருந்தாத்தான கேக்கணும்?”

அவர் குனிந்து மூன்று சக்கரத்தையும் எண்ணிப் பார்த்தார். கடைசியில் வண்டிக்கும் ஒரு பச்சை நாடா கட்டி உள்ளே விட்டார். ஆக எனக்கும் வண்டிக்கும் ஒரே நாடா. நான் அவளுக்குத் துணையா, வண்டிக்குத் துணையா என்று எனக்கு அப்போதே சந்தேகம் வந்தது.

உள்ளே எதையும் பார்க்கவில்லை. நேரே ராட்டினம். அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரம். கீழே ஆறு படி வைத்த மேடை. படிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய போர்டு. எங்கள் தெரு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். பின்னால் வத்தலக்குண்டிலிருந்து வந்த ஒரு கூட்டம்.

ராட்டினம் ஓட்டுகிறவர் அவளைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்தார். “அக்கா, நீங்க ஏற முடியாது. போர்டுல இருக்கு பாருங்க.”

“வாசல்ல ஃப்ரீன்னு சொன்னாய்ங்களே?”

“உள்ள வர்றதுக்கு ஃப்ரீக்கா. ஏற்றதுக்கு இல்ல.”

“ஏறாம உள்ள வந்து நான் என்ன பண்ண? கூட்டவா?”

அவர் பாவம், போர்டைக் காட்டினார். இங்கேதான் அவர் தப்பு செய்தார். டெலிபோனக்காவிடம் போர்டைக் காட்டக் கூடாது. அவள் முழுசும் படித்துவிடுவாள்.

படித்தாள். வரிசை மொத்தத்துக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். “கர்ப்பிணிப் பெண்கள், இருதய நோய், இரத்தக் கொதிப்பு, முதுகுவலி, தலைசுற்றல் உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், ஊனமுற்றோர் ஏற அனுமதி இல்லை.” படித்து முடித்து வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

“ஏன் தம்பி, நான் கடைசியிலதான இருக்கேன்? மொதல்ல இருக்கறவங்கள ஏன் விடுறீங்க?”

“யாருக்கா?”

“மாஸ்டர், எறங்குங்க. ஒங்களுக்குக் கொதிப்பு. போன மாசம் நூத்தி எழுவதுன்னு மச்சினன்கிட்ட சொன்னீங்கள்ல?”

மாஸ்டர் முதல் படியில் வைத்த காலை எடுத்துவிட்டார். “ஏம்மா டெலிபோனு...”

“டிரைவர் அண்ணே, ஒங்களுக்கு முதுகு. பெல்ட்டு போட்டுருக்கீங்களா இல்லையா, சட்டயத் தூக்குங்க. பால்காரம்மா, நீங்க கண்ணு ஆபரேசன் பண்ணி ரெண்டு மாசங்கூட ஆகல. சமீபத்துலன்னு போட்டுருக்கு. ரெண்டு மாசம் சமீபமா இல்லையா தம்பி?”

“சமீபந்தான்” என்றார் ராட்டினக்காரர், என்ன நடக்கிறது என்றே புரியாமல்.

“மதினி, ஒனக்குத் தலசுத்தல். பூக்கூடைய எடுக்கும்போது ரெண்டு தடவ செவத்தப் புடிச்சிக்கிட்ட. தங்கச்சிக்குப் போன் போட்டு அழுத.” நான் ஓரமாக ஒதுங்கிக்கொண்டேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

அதோடு விட்டிருக்கலாம். வேகத்தில் அடுத்த ஆளையும் சொல்லிவிட்டாள். “நீயும் எறங்கு தாயி. கர்ப்பிணின்னு மொத வரியிலயே போட்டுருக்கு.”

சொன்னது பால்காரம்மாவின் மருமகளை.

டெலிபோனக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பெண் நத்தத்தில் இருக்கும் அம்மாவிடம் மட்டும் முந்தா நாள் போனில் சொல்லியிருக்கிறது. வெள்ளிக்கிழமை நல்ல நாள், அன்றைக்கு வந்து சம்பந்தியம்மாவிடம் நானே சொல்கிறேன் என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

பால்காரம்மா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மருமகளை மேலும் கீழும் பார்த்தார். “என்னாது? எம் பேரப்புள்ள சேதி எனக்கு ராட்டினத்து வரிசையிலயா தெரியணும்?” என்று கத்தினார். கத்தி முடிப்பதற்குள் அழுதுவிட்டார். அழுது முடிப்பதற்குள் மருமகளை இடுப்போடு அணைத்துக்கொண்டு வேப்பமரத்து நிழலுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். “சம்பந்திகாரிக்கு முந்தியே தெரியுமாக்கும்? இருக்கட்டும், இருக்கட்டும்” என்று போகிற வழியெல்லாம் சத்தம் கேட்டது. கோபமா சந்தோசமா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. மரத்தடியில் கையோடு கொண்டுவந்த முறுக்கையெல்லாம் எடுத்து மருமகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த வத்தலக்குண்டுக் கூட்டத்துக்கு டெலிபோனக்கா பெரிய டாக்டர் என்று பட்டுவிட்டது. ஒரு பெரியவர் முன்னால் வந்தார்.

“தாயி, எனக்கு சக்கர இருக்கு. ஏறலாமா?”

அவள் போர்டைப் பார்த்தாள். “சக்கர இதுல இல்லய்யா. தாராளமா ஏறுங்க.”

“எனக்கு மூலமும் இருக்கும்மா.”

“மூலமும் இல்ல. ஆனா உக்காந்து சுத்தணும். யோசிச்சுக்கங்க.”

யோசிப்பதற்காக அவரும் வரிசையை விட்டு விலகினார். அவருக்குப் பின்னால் ஒருத்தருக்கு நெஞ்சு படபடப்பு இருதய நோயா என்று சந்தேகம். தங்கள் சேதியும் வெளியே வந்துவிடும் என்று எங்கள் தெருவில் மிச்சமிருந்தவர்களும் நழுவினார்கள். ஐந்து நிமிசத்தில் வரிசை காலி. மேலே ராட்டினம் வெறும் பெட்டிகளோடு சுற்றிக்கொண்டிருந்தது. அந்த இடத்தில், போர்டில் எழுதிய ஒன்றே ஒன்றைத் தவிர வேறு ஒரு கோளாறும் இல்லாத ஆள் டெலிபோனக்கா மட்டும்தான்.

ராட்டினக்காரர் விசிலை ஊதி மேனேஜரைக் கூப்பிட்டார். கழுத்தில் டை, கையில் வாக்கிடாக்கி, இருபத்தைந்து வயதுப் பையன். டெலிபோனக்கா முதலில் கேட்டது, “அதுல எஸ்.டி.டி. போவுமா தம்பி?” என்றுதான்.

“போகாதுக்கா. ஏன்க்கா வரிசை காலியா இருக்கு?”

“எல்லாரையும் விதிப்படி அனுப்பிட்டேன். என்னை மட்டும் விதிப்படி ஏத்திவிடு.”

மேனேஜர் அட்டையை வாங்கிப் பார்த்தார். எழுபது என்பதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். “ரொம்ப அதிகமா இருக்கேக்கா. நாப்பது, அம்பதுன்னா கூட யோசிக்கலாம்.”

டெலிபோனக்காவுக்கு முதல் தடவையாகக் குழம்பியது. “நாப்பதுக்குக் கொறஞ்சா அட்டை இல்ல. அட்டை இல்லன்னா வாசல்ல ஃப்ரீ இல்ல. நெறயா எடுத்தா ராட்டினம் இல்ல. அப்ப நான் எம்புட்டு மார்க்குதான் எடுக்கணும்?”

மேனேஜர் நல்ல பிள்ளை, அதனால் குரலை இறக்கிச் சொன்னார். “ஒங்க நன்மைக்குத்தான்க்கா. பாதியில கரண்டு போயி நின்னுருச்சுன்னா அவங்கவங்க தானா எறங்கி நடந்து வரணும். அதுக்குத்தான் அந்த வரியப் போட்டது.”

“உச்சியில நிக்கிறவங்க எப்படி எறங்குவாங்க? குதிப்பாங்களா?”

“இல்லக்கா. கையால சுத்தி ஒவ்வொரு பொட்டியா கீழ கொண்டாருவோம்.”

“அப்ப என் பொட்டியும் கீழதான வரும்? வந்தா என் வண்டி இங்கனதான நிக்குது?”

மேனேஜர் அண்ணாந்து ராட்டினத்தைப் பார்த்தார், குனிந்து வண்டியைப் பார்த்தார். அதற்குள் அவள் வண்டியிலிருந்து இறங்கி, படியில் உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி ஆறு படியும் ஏறி மேடைக்குப் போய்விட்டாள். அங்கே தாழ வந்து நின்ற பெட்டியின் கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கி உள்ளே போட்டாள். அப்புறம் அதேபோல் வெளியே வந்தாள். “பாத்துக்கிட்டியா? ஏற ஆறு எண்ணிக்க. எறங்க நாலு.” டீ மாஸ்டர் அவரையறியாமல் கை தட்டினார்.

மேனேஜர் வாக்கிடாக்கியில் யாரிடமோ ரொம்ப நேரம் இங்கிலீசில் பேசினார். பிறகு சொன்னார். “ஆபீஸ்ல சரின்னுட்டாங்கக்கா. ஆனா துணையாளு ஒருத்தரு கூட உக்காரணும். அந்தத் துணையாளுக்கு இந்தப் போர்டுல இருக்கற எதுவும் இருக்கக் கூடாது.”

எல்லோரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம்.

டெலிபோனக்கா வரிசையைத் தேடினாள். வரிசை எங்கே இருக்கிறது? அவள்தானே கலைத்தாள். டீ மாஸ்டர் முன்னால் வந்து கண்ணைக் காட்டினார். “ஏம்மா டெலிபோனு, எனக்குக் கொதிப்பு இருக்கா இல்லையா? நல்லா யோசிச்சு இப்பச் சொல்லு.”

அவள் யோசித்தாள். “இருக்கு மாஸ்டர். நூத்தி எழுவது.”

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். அவள் மேடை விளிம்பில் உட்கார்ந்தபடி போர்டை இன்னொரு தடவை படித்தாள். ஏதாவது ஒரு சந்து இருக்கிறதா என்று பார்த்திருப்பாள். இல்லை. சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

“விதின்னா விதிதான். மதினி, வண்டியத் திருப்பு.”

அந்தக் குரல் எனக்குத் தாங்கவில்லை. திருவிழா ராட்டினத்திலிருந்து வருசா வருசம் திரும்பி வருவாளே, அதே குரல். என் மணிக்கட்டில் அந்தப் பச்சை நாடா வேறு அரித்துக்கொண்டே இருந்தது.

“எனக்குத் தலசுத்தல் இல்ல” என்றேன்.

யாருக்கும் கேட்கவில்லை. என் குரல் என் பூக்கூடையைத் தாண்டி என்றைக்குப் போயிருக்கிறது? இன்னொரு தடவை சொன்னேன். மேனேஜர், “என்னம்மா?” என்று குனிந்தார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது. “எனக்குத் தலசுத்தல் இல்லங்கறேன்ல!” என்று கத்தினேன். மரத்தடியில் முறுக்கு ஊட்டிக்கொண்டிருந்த பால்காரம்மா திரும்பிப் பார்த்தார். மூலக்காரப் பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். வெட்கத்தில் எனக்கு உண்மையாகவே தலை சுற்றியது.

மேனேஜர் டெலிபோனக்காவைப் பார்த்தார். “நீங்கதானக்கா சொன்னீங்க, இந்தம்மாவுக்குத் தலசுத்தல்னு?”

அவள் என்னைப் பார்த்தாள். போர்டைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள். சாட்சிக் கூண்டில் நிற்கிறவளுக்கு வேர்க்கிற மாதிரி அவளுக்கு வேர்த்தது. நான் பார்த்த வரைக்கும் அவள் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னாள். அதையும் தொழில் மரியாதை கெடாமல்தான் சொன்னாள்.

“அது ராங் நம்பரு தம்பி” என்றாள்.

பெட்டியில் உட்கார்ந்ததுதான் எனக்கு ஞாபகம். கம்பியைப் போட்டார்கள். உடனே கண்ணை மூடிவிட்டேன். கையில் கிடைத்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். பெட்டி மேலே போனது. உச்சியில் கொஞ்சம் நின்றது. காற்று அடித்தது.

“ஏத்தா, என்ன தெரியுது?” என்றேன் கண்ணைத் திறக்காமல்.

“ஒண்ணுந்தெரியல மதினி. நீ என் மூஞ்சியப் புடிச்சிருக்க. கைய எடு.”

கையை எடுத்துத் தோளைப் பிடித்தேன். அவள் ஒன்றும் பேசவில்லை. பத்து வருசத்தில் அவள் பேசாமல் இருந்து நான் கேட்டது அந்தச் செத்த நேரம்தான். என்னவோ ஏதோ என்று பயந்து கண்ணைத் திறக்கப்போனேன். அப்போது பெட்டி கீழே இறங்கியது.

“வந்துருச்சு!”

பஸ்ஸுக்குக் காத்திருந்தவள் பஸ்ஸைப் பார்த்த மாதிரி கத்தினாள்.

“மதினி, வந்துருச்சு! அடிவயித்துலதான்! ஐசும் இல்ல, கரண்டும் இல்ல. தொடைக்குப் போவுது மதினி! முழங்காலத் தாண்டிப் போவுது! பாதம் வரைக்கும் போயிட்டு வருது!”

கீழே நின்ற மாஸ்டர், “வந்துருச்சா?” என்று கேட்டார். “வந்துருச்சு மாஸ்டர்!” என்று இவள் கத்தினாள். அடுத்த சுற்றிலும் வந்தது. அதற்கடுத்த சுற்றிலும் வந்தது. ஒரே சேதியை எத்தனை தடவை சொன்னாள் என்று எண்ண எனக்குத் தெம்பில்லை. மேடைப் பக்கம் வந்தபோது ராட்டினக்காரர், “இன்னொரு சுத்து விடட்டாக்கா?” என்று கேட்டதும், அவள் “விடு” என்றதும் காதில் விழுந்தது. நான் வேண்டாம் என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. என் குரல் பழையபடி ஆகிவிட்டது.

நின்றதும் அவள் எண்ணி நாலில் இறங்கிவிட்டாள். என்னால் இறங்க முடியவில்லை. கால் இரண்டும் துணியாகத் துவண்டது. மாஸ்டரும் ராட்டினக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி இறக்கினார்கள். மேனேஜர் ஓடி வந்தார்.

“என்னம்மா, தல சுத்துதா?”

“இல்லப்பா” என்றார் மாஸ்டர் அவசரமாக. “அவங்க நடையே அப்படித்தான்.”

மேனேஜர் என் நாடாவைப் பார்த்தார். டெலிபோனக்காவைப் பார்த்தார். “இதுல யாருக்கா யாருக்குத் துணை?” என்றார். அந்தப் பிள்ளைக்கு வேலையில் சேர்ந்து முதல் மாசமாம்.

டெலிபோனக்கா கையை ஊன்றிப் படியிறங்கிப் போனாள். வண்டியில் ஏறி உட்கார்ந்து, பின்னால் சாமான் வைக்கிற பலகையைக் கையால் தட்டிக் காட்டினாள். “ஏறு மதினி.” நான் ஏறி, அவள் முதுகில் முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டேன். அவள் கையால் சுற்றச் சுற்ற வண்டி நகர்ந்தது. வேன் நிற்கிற வாசல்வரை மரங்களும் ஆட்களும் என்னை விட்டுப் பின்னால் போய்க்கொண்டே இருந்தார்கள். அவள் வாய்க்குள் ஏதோ பாடினாள். அது என் முதுகுக்குள் கேட்டது.

வாசல் வந்தது. எனக்குத் தலை எப்போதோ தெளிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. வேன் கிட்டே வந்தும் அவள் வண்டியை நிறுத்தவில்லை. இன்னொரு வட்டம் போட்டாள். இறங்கு என்று அவளும் சொல்லவில்லை.